ஏழு தடவை வந்த தண்ணீர்

இன்னும் வரவில்லை. குழாயைத் திறந்துதான் வைத்திருக்கிறேன், உஸ்ஸென்று காற்று மட்டும் வருகிறது, மூக்கடைத்தவன் மூச்சு விடுகிற மாதிரி. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு எங்கள் தெருவுக்கு விடுவார்கள். ஆறு என்றால் ஆறும் இல்லை ஏழும் இல்லை, அவர்கள் இஷ்டம். வாசலில் இரண்டடிக் குழி, குழிக்குள் குழாய், குழாய்க்கு எதிரே முட்டியைப் பிடித்துக்கொண்டு நான். வீட்டுக்காரர் ஆறு மணிப் பூசைக்குப் போய்விட்டார். தண்ணீர் விடுகிற ஞாயிறில் எனக்குப் பூசை கிடையாது, கடவுளுக்கு அது தெரியும், மாநகராட்சியை அவராலும் ஒன்றும் செய்ய முடியாது. சரி. டாரண்ட், தீர்ப்பில் இருக்கிற இங்கிலீஷ் வார்த்தை. டாரண்டுக்குத் தமிழ் என்ன? வெள்ளம் என்று போட்டுவிடலாமா? வெள்ளம் ஊருக்குள் வருவது, பாயைச் சுருட்டிக்கொண்டு மாடிக்கு ஓட வைப்பது, இது அது இல்லை. பெருக்கு? பெருக்கு என்றால் ஆடிப்பெருக்கு, புளியோதரை, தேங்காய்ச் சோறு, புதுத் தாலிக்கயிறு, ஆள் செத்த விஷயத்தில் அதைக் கொண்டுபோய் வைக்க முடியுமா? பிரவாகம்? கதாகாலட்சேபம் மாதிரி இருக்கிறது. காட்டாறு என்றால் அது ஆற்றையே சொல்கிறது, வந்த வேகத்தைச் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருஷமாக மேல்கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளர் ஃபிலோமினா, தெருவில் எல்லோருக்கும் கோர்ட்டம்மா, ஒற்றை வார்த்தைக்கு மூன்று நாளாக முழித்துக்கொண்டு குழிக்குள் உட்கார்ந்திருக்கிறாள். தீர்ப்பின் தமிழ்ப் படி திங்கட்கிழமை பத்தரைக்கு மேசைக்குப் போக வேண்டும். திங்கள் என்றால் நாளைக்கு.

அகராதியைப் பார்க்காமல் இல்லை. வியாழக்கிழமை சாயந்திரம் மூன்று அகராதி பார்த்தேன். மலையிலிருந்து இறங்குகிற நீரோட்டம், கடும்வேகம். கொட்டுகிற மழைக்கும் அதுதான். திட்டுகிறவன் வாயிலிருந்து வருகிற வசவுக்கும் அதுதான், கேள்வி கேள்வியாகக் கேட்டாலும் அதுதான், கண்ணீருக்கும் அதுதான். என் மகன் ஜெரால்டு ஓசூரிலிருந்து வரும்போதெல்லாம் லேப்டாப்பைத் திறந்துவைத்துவிட்டு, அம்மா தொடாதீங்க டொரண்ட் ஓடுது என்பான். எட்டிப் பார்த்தால் தண்ணீரும் இல்லை ஒன்றும் இல்லை, ஒரு பச்சைக் கோடு எறும்பு மாதிரி நகர்ந்துகொண்டிருக்கும், ஒரு படம் இறங்க ஒரு ராத்திரி. அடேய் இதற்கா அந்தப் பேர் என்று கேட்டேன். எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் அனுப்புறாங்கம்மா, நாலா பக்கமும் இருந்து வருது, அதான் என்றான். அப்போது சிரித்தேன். கொஞ்சம் கொஞ்சமாக வருவதற்கும் டாரண்ட், அணை உடைந்த மாதிரி வருவதற்கும் டாரண்ட், நல்ல கூத்து. ஆனால் ஜட்ஜய்யா எந்த டாரண்டை நினைத்து எழுதினார் என்பதில் சந்தேகமே இல்லை. அவர் வெளி மாநிலத்துக்காரர், தமிழ் வாசிக்கத் தெரியாது, நல்ல மனுஷர், ஒவ்வொரு காகிதத்தையும் படிப்பார் என்று பேர். படித்திருக்கிறார். அதுதான் வந்த வினை. அவர் படித்தது என் இங்கிலீஷை.

காற்று நின்றுவிட்டது. குழாயைத் தட்டிப் பார்த்தேன், சொத்தென்று துருவாக ஒரு சொட்டு. பக்கத்துக் குழியில் இட்லிக்கடை சந்தனமாரி, அவளும் ஆறு குடத்தை வரிசையாக வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள், ஏதோ கேட்டாள், தலையை ஆட்டினேன், என்ன கேட்டாள் என்று தெரியாது. எனக்குள் இசக்கியப்பன் வந்து நிற்கிறார். அணையில் லஸ்கர் வேலை, லஸ்கர் என்றால் மதகைத் திறந்து மூடுகிற ஆள். விதி என்னவென்றால், முதலில் விசில் ஊத வேண்டும், அரையடி திறக்க வேண்டும், கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும், பிறகு இன்னும் அரையடி. அன்றைக்கு ஆற்றில் சோப்புப் போட்டுக்கொண்டு நின்ற ஒரு வாத்தியார் தண்ணீரோடு போய்விட்டார். ஒரேயடியாகத் திறந்துவிட்டான் என்று இசக்கியப்பனை வேலையை விட்டு நீக்கினார்கள். இல்லை, படிப்படியாகத்தான் திறந்தேன் என்று அவர் கோர்ட்டுக்கு வந்தார். படிப்படியாகவா ஒரேயடியாகவா, வழக்கு மொத்தமும் அவ்வளவுதான். இதைப் பார்த்த ஒரே ஆள் உச்சிமாகாளி, கரையில் போர்வை துவைத்துக்கொண்டிருந்தவள், இசக்கியப்பன் பக்கத்துச் சாட்சி. அவள் விசாரணையில் சொன்னதைத் தமிழில் எழுதியிருந்தார்கள். போன வருஷம் அதை இங்கிலீஷில் ஆக்கியது நான். உண்மையான மொழிபெயர்ப்பு என்று கீழே கையெழுத்துப் போட்டதும் நான். இப்போது தீர்ப்பில் ஜட்ஜய்யா எழுதுகிறார், மனுதாரரின் சொந்தச் சாட்சியே டாரண்ட் என்று சொல்லிய பிறகு இதற்கு மேல் பேச என்ன இருக்கிறது, மனு தள்ளுபடி. அந்தத் தீர்ப்பைத் தமிழாக்கச் சொல்லி என் மேசைக்கே அனுப்பியிருக்கிறார்கள். போன வார்த்தை திரும்பி வீட்டுக்கு வந்துவிட்டது, வாசலில் நின்று, என் பேர் என்ன சொல் என்கிறது.

எங்கள் செக்‌ஷனில் ஒரு வழக்கம் உண்டு. தமிழ்க்காரர் சொன்னது இங்கிலீஷ் தீர்ப்பில் போய் மறுபடி தமிழுக்கு வந்தால், நாமாக ஒன்றைப் போடக் கூடாது, மூலத்தை எடுத்து அவர் வாயிலிருந்து வந்ததையே மேற்கோளில் வைக்க வேண்டும். சின்ன வேலைதான், ஆனால் அதில் நான் கறாராக இருப்பேன், புதிதாக வந்த பிள்ளைகளை எத்தனை தடவை விரட்டியிருக்கிறேன். அந்தக் கறாரில்தான் வெள்ளிக்கிழமை ரெக்கார்டு ரூமுக்குப் போய் வழக்குக் கட்டை அவிழ்த்தேன். நாலாவது பக்கம். உச்சிமாகாளி பேசியது பேசியபடி. வெள்ளனா துவைக்கப் போனேன். விசில் ஊதுனாவ. தண்ணி வந்துச்சு. துணிய அள்ளுனேன். தண்ணி வந்துச்சு. அந்த சாரு சோப்பு போட்டுக்கிட்டு நின்னாவ, ஏறுங்கன்னேன், கேக்கல. தண்ணி வந்துச்சு. மறுக்கா விசில் ஊதுனாவ. இப்படி ஏழு தடவை. விரல் வைத்து எண்ணினேன், ஏழு. அப்புறம் என் இங்கிலீஷை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். முதலில் த வாட்டர் கேம் என்று போட்டிருந்தேன். அடுத்தது ஃப்ளோ. அடுத்தது ஸ்ட்ரீம். நாலாவது கரண்ட். ஐந்தாவது ரஷ், ஆறாவது சர்ஜ், ஏழாவது டாரண்ட். அவள் ஒரே இடத்தில் நின்று ஏழு தடவை சொன்னதை நான் ஏணி கட்டி ஏற்றிவிட்டிருக்கிறேன், உச்சிப்படியில் ஒரு ஆள் செத்துக் கிடக்கிறான், கீழே இசக்கியப்பன் மாட்டிக்கொண்டு நிற்கிறார். எதற்காக? எதற்காகத் தெரியுமா? ஒரே பக்கத்தில் ஒரே வார்த்தை இரண்டு தடவை வந்தால் அது ஏழை இங்கிலீஷ் என்று இருபது வயதில் எங்கள் காலேஜில் தலையில் ஏற்றி அனுப்பினார்கள், அதற்காக. எம்.ஏ. லிட்டரேச்சர். அன்றைக்கு அந்த ஏழையும் எழுதி முடித்துவிட்டுப் பேனாவை மூடிப் படித்துப் பார்த்து, நல்லாத்தான் வந்திருக்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது ஞாபகம் இருக்கிறது. காபி வாங்கிக் குடித்தேன். வெட்கக்கேடு.

யாருக்கும் தெரியாது. அதுதான் பயமாக இருக்கிறது, யாருக்குமே தெரியாது. வக்கீல் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டாமா, பார்க்கவில்லை. யார் பார்ப்பார்கள், கீழே என் கையெழுத்து இருக்கிறதே. நாளைக்குப் பெருவெள்ளம் என்று ஒரு வார்த்தையைப் போட்டுக் கொடுத்தால் அதுவும் போகும், முத்திரை குத்தி வெளியே வரும், நானும் நாலு மாதத்தில் மாலையைப் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிடுவேன். சொன்னால் என்ன ஆகும்? மெமோ வரும். ஓய்வு பெறுகிற நேரத்தில் மெமோ வந்தால் ஓய்வு பெற விட மாட்டார்கள், விசாரணை முடிகிற வரைக்கும் அந்தரத்தில் தொங்க வேண்டும், செக்‌ஷனில் நான் விரட்டிய பிள்ளைகள் எல்லாம் வாயில் கையை வைத்துக்கொண்டு பார்ப்பார்கள். ஃபிலோமினா மேடமா, அவங்களா. வீட்டுக்காரர் என்ன சொல்வார்? ஏன் உனக்கு இந்த வேண்டாத வேலை என்பார், பூசையிலிருந்து வந்த கையோடு. பாவசங்கீர்த்தனக் கூண்டில் போய்ச் சொல்லிவிட்டால்? ஒரு வார்த்தையை ஏழாக்கினேன் சாமி என்றால் அவருக்கு என்ன புரியும், மூன்று அருள்நிறை மரியே சொல்லச் சொல்லி அனுப்பிவிடுவார். அதுவும் இல்லாமல், ஒருவேளை நிஜமாகவே டாரண்டாக இருந்தால்? அந்த ஆள் நிஜமாகவே மதகை முழுசாகத் தூக்கியிருந்தால்? நான் அங்கே இருந்தேனா? தண்ணி வந்துச்சு என்றால் எப்படி வந்தது, மெதுவாகவா, பாய்ந்தா, அவள் சொல்லவே இல்லையே. செத்த வாத்தியாருக்கும் வீடு இருக்கும், ஒருத்தி இருப்பாள். நான் போய் அந்த வார்த்தையைப் பிடுங்கினால் யாருக்கு நியாயம் செய்கிறேன் யாருக்கு அநியாயம் செய்கிறேன், ஒன்றும் விளங்கவில்லை. மண்டைக்குள் எல்லாம் ஒன்றோடொன்று மோதுகிறது.

வியாழக்கிழமை இசக்கியப்பன் வந்திருக்காவிட்டால் இவ்வளவு இருந்திருக்காது. நகல் கொடுக்கிற ஜன்னலில் நின்றார், வெள்ளைச் சட்டை, கழுத்தில் கயிறு, கயிற்றில் ஒன்றும் இல்லை, விசில் தொங்கிய கயிறாகத்தான் இருக்கும், பழக்கத்தில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். தமிழில் எப்போ கிடைக்கும் என்று கேட்டார். ஜன்னல்காரர் என்னைக் கை காட்டிவிட்டார். திங்கட்கிழமை என்றேன். மேல்முறையீடு போட இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருக்குன்னு வக்கீல் சொல்றாவ, அதுக்குள்ள நானா ஒருக்கா வாசிச்சுப் பாத்துக்கிடுதேன் என்றார். சரி என்று திரும்பினேன். அப்போது பின்னால் இருந்து, சத்தமே இல்லாமல், கோபமும் இல்லாமல் சொன்னார். “உச்சிமாகாளி சொல்லும்போது நான் பக்கத்துலதாம்மா நின்னேன். என்னைக் குத்தம் சொல்லுத மாதிரி அவ ஒரு வார்த்தை சொல்லலியே. எங்கன இருந்து வந்துச்சு அது?” எனக்கு அப்போது தெரியாது. கட்டை நான் இன்னும் அவிழ்க்கவில்லை. தமிழில் வரும், படித்துப் பாருங்கள் என்று ஆபீஸ் குரலில் சொன்னேன், அந்தக் குரலை நினைத்தால் இப்போது என் வாயிலேயே இரண்டு போட வேண்டும் போல இருக்கிறது.

“தண்ணி வந்துருச்சு,” என்றாள் சந்தனமாரி. எங்கே, என் குழாயில் ஒன்றும் காணோம் என்று குனிந்தேன். நூல் மாதிரி ஒழுகிக்கொண்டிருந்தது. இதற்குத்தான் வந்துருச்சா? ஆமாம், இதற்கும் அதுதான் சொல்வோம், வேறு என்ன சொல்வோம். குடத்தை வைத்தேன். நூல் கயிறாகி, கயிறு விரலாகி, குழாய்க் கழுத்திலும் கசிந்தது, எப்போதும் கசியும், குழிக்குள் தேங்கும். செங்கல் நனைந்தது. வருது என்றாள் சந்தனமாரி. செருப்பை எடுத்து மேலே வைத்தேன். முதல் குடம் நிறைந்தது, தூக்கி வெளியே வைத்து அடுத்ததை வைத்தேன், கால் விரல் முங்கியது. சேலையை இழுத்துச் செருகினேன். தண்ணீர் வந்தது. குழியில் கிடந்த சவுக்காரக் கட்டியை எடுத்தேன். தண்ணீர் வந்தது. செங்கல் மறைந்துபோனது. இரண்டாவது குடத்தைத் தூக்கினேன், இடுப்பு பிடித்துக்கொண்டது, நின்று மூச்சு வாங்கிவிட்டு மூன்றாவதை வைத்தேன். கணுக்காலுக்கு வந்திருந்தது. வாளியை எடுத்து இறைக்க வேண்டும் என்று கையை நீட்டினவள் நீட்டினபடி நின்றுவிட்டேன். எத்தனை காரியம் செய்தேன் இதற்குள்? செருப்பு, குடம், சேலை, சவுக்காரம், குடம். ஒவ்வொன்றுக்கும் நடுவே தண்ணீர் வந்தது. உச்சிமாகாளி துணியை அள்ளினாள், தண்ணி வந்துச்சு. அந்த மனுஷரைக் கூப்பிட்டாள், தண்ணி வந்துச்சு. மறுபடி விசில் கேட்டாள். நனைந்த போர்வை எட்டை ஒவ்வொன்றாகக் கரையேற்றினேன் என்று ஐந்தாவது தடவைக்கு முன்னால் சொல்கிறாள், நனைந்த போர்வை என்ன கனம் கனக்கும் தெரியுமா, எட்டு நடை நடந்திருக்கிறாள் அவள். பிரவாகமாக வந்திருந்தால் எட்டு நடைக்கு எங்கே நேரம்? அவள் ஒன்றும் சொல்லாமல் விடவில்லை. திரும்பத் திரும்பச் சொன்னதில்தான் சொல்லியிருக்கிறாள். கொஞ்சம் வந்தது, மறுபடி கொஞ்சம் வந்தது, மறுபடி கொஞ்சம். ஏழும் ஒரே வார்த்தையாக இருந்தால்தான் அந்த நேரம் தெரியும், அந்த இடைவெளி தெரியும். அதைத்தான் நான் ஏழை இங்கிலீஷ் என்று அடித்தேன்.

நிச்சயமா? நிச்சயம் என்று சொல்ல மாட்டேன். போர்வையை அவள் கூட்டியும் சொல்லியிருக்கலாம், எட்டு நான்காக இருந்திருக்கலாம், ஆறு எப்படி வரும் என்று குழாய்க் குழிக்குள் நிற்கிற எனக்கு என்ன தெரியும். அதை ஜட்ஜ் தீர்மானிக்கட்டும், இரண்டு ஜட்ஜாக உட்கார்ந்து தீர்மானிக்கட்டும். அவள் சொன்னதை வைத்துத் தீர்மானிக்கட்டும், என் படிப்பை வைத்து வேண்டாம். குடம் நிறைந்து வழிந்தது, கோர்ட்டம்மா தூங்கிட்டீங்களா என்று சந்தனமாரி சத்தம் போட்டாள், அப்படியே விட்டுவிட்டு ஈரக்காலோடு உள்ளே போனேன், சுவரில் இருந்த காலண்டரில் நேற்றைய தாளைக் கிழித்தேன், பென்சிலை எடுத்துக்கொண்டு வாசலுக்கே வந்தேன். வழக்கப்படி செய்தால் எப்படி வரும்? ஜட்ஜய்யாவின் வாக்கியம், நடுவில் சாட்சியின் வாயிலிருந்து வந்தது, அவ்வளவுதானே. எழுதினேன். எழுதியதை என்னால் மனசுக்குள் படிக்க முடியவில்லை, சத்தமாகப் படித்தேன், தெருவுக்குக் கேட்டிருக்கும்.

“மனுதாரர் தரப்புச் சாட்சியே ‘தண்ணி வந்துச்சு’ என்று கூறியுள்ள நிலையில், மனுதாரர் மதகை ஒரேயடியாகத் திறந்துவிட்டார் என்பது ஐயத்துக்கு இடமின்றி உறுதியாகிறது.”

சந்தனமாரி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்று கேட்டாள். தண்ணி வந்துச்சுன்னா வந்துச்சு, இதுல மொத்தமாத் தொறந்துட்டான்னு எங்க இருக்கு என்றாள். பிறகு, ஏதோ விட்ட இடத்தைத் தேடுகிறவள் மாதிரி என் கையில் இருந்த தாளைப் பார்த்தாள்.

“யாரு கோர்ட்டம்மா இத எழுதுனது, கூறுகெட்ட ஆளா இருப்பாங்க போல.”

“நான்தான்,” என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள், நான் கேலி பேசுகிறேன் என்று நினைத்து. சிரித்துக்கொண்டே என் குழாயையும் அடைத்துவிட்டுப் போனாள். குழியில் தண்ணீர் கணுக்கால் அளவில் நின்றது. வாசற்படியில் உட்கார்ந்து தாளைத் திருப்பினேன். தமிழ்ப் படி மட்டும் போதாது, அதைப் பார்த்து யாராவது கண்டுபிடிக்கட்டும் என்று விட்டால் அது பாதி ஒளிதல், என் இங்கிலீஷில் அந்த நாலாவது பக்கத்தையே திருத்தி ரெஜிஸ்ட்ராருக்கு நாளைக்கு நானே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், தவறு என்னுடையது என்று ஒரு வரியோடு. மெமோ வரட்டும். பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு இங்கிலீஷில் எழுத ஆரம்பித்தேன். த வாட்டர் கேம். அதற்குக் கீழே அவள் துணி அள்ளியது. அதற்குக் கீழே மறுபடி த வாட்டர் கேம். மூன்றாவது தடவை வந்தபோது கை தானாக நின்றது, வேறு ஒன்று, நல்லதாக ஒன்று, பென்சில் நுனியில் வந்து நின்றது. த வாட்டர் கேம் என்றே எழுதினேன், பிறகு நாலாவது, ஐந்தாவது, பள்ளிக்கூடத்தில் இம்போசிஷன் எழுதுகிற பிள்ளை மாதிரி ஆறாவது. தெருமுனையில் அவர் சைக்கிள் மணி கேட்டது. ஏழாவதை எழுதிவிட்டுத்தான் தலையை நிமிர்த்தினேன்.